குளிர்சாதனப் பெட்டிக் கதவுக்குத் தாழ்ப்பாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிரிட்ஜ் கதவு இறுக மூடாமல் போனால், வெளியே ஒரு கொக்கியை மாட்டி இழுத்துக் கட்டிவிடலாம் என்று தோன்றுவது இயல்பே. அந்த எண்ணம் எங்கே சரி, எங்கே தவறு, எங்கே ஆபத்து என்பதைப் பற்றிய கேள்விகளும் விடைகளும் இங்கே உள்ளன.

தாழ்ப்பாள் என்று இங்கே எதைக் குறிப்பிடுகிறோம்? பூட்டும் அதுவும் ஒன்றுதானா?

வாசற்கதவில் கொண்டியும் நாதாங்கியும் ஒரு வேலையைச் செய்கின்றன. பூட்டும் சாவியும் வேறொரு வேலையைச் செய்கின்றன. ஃபிரிட்ஜ் கதவிலும் அப்படித்தான். கதவைப் பெட்டியின் முகப்போடு சேர்த்து இழுத்து, ஓரத்து ரப்பர் நசுங்கும்படி அழுத்திப் பிடிக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அதை இங்கே இழுவைத் தாழ் என்று அழைப்போம். கதவை அழுத்தாமல், அது திறந்துகொள்வதை மட்டும் தடுக்கும் அமைப்பு இன்னொன்று. குழந்தைகளுக்காகக் கடைகளில் விற்கும் ஒட்டு வார்களும் கொக்கிகளும் இந்த வகை, இவற்றைத் தடுப்புத் தாழ் எனலாம். மூன்றாவது, ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் இன்றும் வரும் சாவிப் பூட்டு. வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் மனத்தில் நினைப்பது முதல் வகையை. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது இரண்டாம் வகையை. ஏமாற்றம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பழைய ஃபிரிட்ஜ்களில் இருந்த கைப்பிடித் தாழ் எவ்வாறு வேலை செய்தது?

கதவின் உள்ளே சுருள்வில்லால் தள்ளப்பட்ட ஓர் உலோக நாக்கு இருக்கும். அதன் முகம் சரிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். கதவைத் தள்ளி மூடும்போது அந்தச் சரிவு, பெட்டியின் முகப்பில் பதித்த நாதாங்கித் தகட்டின்மீது வழுக்கிச் சென்று, தகட்டைத் தாண்டியவுடன் 'டக்' என்று பின்னால் விழுந்து பிடித்துக்கொள்ளும். சில அமைப்புகளில் நாக்குக்குப் பதிலாக உருளை ஒன்று இருந்தது. கதவு நெருங்கியதும் நெம்புகோல் ஒன்று நடுநிலையைத் தாண்டி மடிந்து, கடைசிச் சில மில்லிமீட்டர் தூரத்துக்குக் கதவைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டது. கைப்பிடியை வெளிப்புறமாக இழுத்தால்தான் நாக்கு பின்வாங்கும்.

அக்காலத்து ரப்பர் தானாக எதிலும் ஒட்டாது. அது தடித்த, காந்தம் இல்லாத வெறும் ரப்பர். நசுக்கினால்தான் இடைவெளியை அடைக்கும். நசுக்குவதற்கு விசை வேண்டும், விசைக்குத் தாழ் வேண்டும். அக்காலத்துக் கதவும் கனத்த எஃகால் ஆனது. ஓர் இடத்தில் இழுத்தால் முழுக் கதவும் வளையாமல் சேர்ந்து வந்தது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது தேவைப்படும்.

அவ்வளவு உறுதியான தாழை ஏன் கைவிட்டார்கள்?

குழந்தைகள் இறந்ததால்.

அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வந்தது. பழையவை கொல்லைப்புறங்களிலும் குப்பைமேடுகளிலும் வீசப்பட்டன. கண்ணாமூச்சி விளையாடும் பிள்ளைக்கு அதைவிட நல்ல ஒளிவிடம் கிடைக்காது. உள்ளே நுழைந்து கதவை இழுத்தால் நாக்கு விழுந்துவிடும். உள்பக்கம் கைப்பிடி கிடையாது. குளிரை வெளியே விடாத அதே சுவரும் அதே ரப்பரும் காற்றை உள்ளே விடவில்லை, கூப்பிட்ட குரலையும் வெளியே விடவில்லை.

1956 ஆகஸ்ட் 2 அன்று அதிபர் ஐசன்ஹோவர் கையொப்பமிட்ட குளிர்சாதனப் பெட்டிப் பாதுகாப்புச் சட்டம், வீட்டு ஃபிரிட்ஜ்களின் கதவு உள்ளிருந்து எளிதில் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றது. 1958 அக்டோபர் 30-க்குப் பிறகு அங்கே தயாரிக்கப்பட்ட பெட்டிகளுக்கு இது கட்டாயமாயிற்று. சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட தரநிலை அனுமதித்த வழிகளில் ஒன்று இது: கதவின் தாழ்ப்பக்க விளிம்பில் உள்ளிருந்து எங்கே தள்ளினாலும் 15 பவுண்டு விசைக்குள் கதவு திறந்துவிட வேண்டும். நம் கணக்கில் ஏறத்தாழ 6.8 கிலோ எடைக்குச் சமமான தள்ளு.

அந்த அளவை மேசையில் உட்கார்ந்து யாரும் கற்பனையாக எழுதிவிடவில்லை. 2 முதல் 5 வயது வரையிலான 201 குழந்தைகளை, ஃபிரிட்ஜைப் போலச் செய்யப்பட்ட ஒரு சோதனைக் கூண்டுக்குள் விட்டு, ஆறு வகைத் திறப்பான்களை வைத்து அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தனர். முடிவுகள் 1958-இல் வெளியாயின. இன்று அப்படி ஓர் ஆய்வுக்கு ஒப்புதல் கிடைப்பது கடினம். ஆனால் அதில் தெரியவந்தவற்றை எந்தப் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது. 24 விழுக்காட்டுக் குழந்தைகள் வெளியேற ஏறக்குறைய எந்த முயற்சியும் செய்யவில்லை. 39 விழுக்காட்டினர் நிதானமாக முயன்றனர். 37 விழுக்காட்டினர் மூர்க்கமாக உதைத்தும் அடித்தும் பார்த்தனர். இரண்டு வயதுக் குழந்தைகளில் 6 விழுக்காட்டினரே சத்தமிடாமல் இருந்தனர், ஐந்து வயதுப் பிள்ளைகளிலோ பாதிப் பேர் வாயே திறக்கவில்லை. பற்றிப் பிடிக்கக்கூடிய குமிழ் ஒன்று உள்ளே இருந்தபோது, 40 விழுக்காட்டினர் அதைக் கதவுக் குமிழைப் போலத் திருகினர், 18 விழுக்காட்டினர் இழுத்தனர், 9 விழுக்காட்டினர் மட்டுமே தள்ளினர்.

'சிக்கிக்கொண்டால் பிள்ளை கத்தும், நமக்குக் கேட்டுவிடும்' என்று சொல்பவரிடம் இந்த எண்களைக் காட்டலாம். உள்ளிருப்பவர் எதையும் புரிந்துகொள்ளாமல், வெறுமனே சாய்ந்தாலோ உதைத்தாலோ திறந்துவிடும் கதவே பாதுகாப்பானது என்ற முடிவுக்கு வடிவமைப்பாளர்கள் வந்தார்கள். அதற்குப் பொருத்தமாகக் கிடைத்தது காந்தப்பட்டை.

காந்தப்பட்டை கதவை எப்படிப் பிடித்துக்கொள்கிறது?

கதவின் ஓரத்து ரப்பர் பட்டையைக் கேஸ்கெட் என்பார்கள். இன்றைய கேஸ்கெட் மென்மையான பிவிசியால் ஆனது. அதன் முன்பக்கத்தில் ஒரு குழல் ஓடுகிறது. அதற்குள் ஃபெரைட் காந்தத் தூளை ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ கலந்து செய்த வளையக்கூடிய பட்டை செருகப்பட்டிருக்கும். அதன் பின்னால் துருத்திபோல மடிப்புகள் உள்ளன. பெட்டியின் இரும்பு முகப்பை நெருங்கியதும் காந்தம் தாவி ஒட்டிக்கொள்ள, மடிப்புகள் நீண்டு கொடுக்கின்றன. எனவே கதவு ஓர் இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் கேஸ்கெட் எட்டிப் பிடித்துக்கொள்ளும்.

இந்த இழுப்பு நான்கு பக்கமும் ஒரே சீராகப் பரவியிருக்கிறது என்பதே இதன் பலம். இதன் பலவீனம், தூரம் கூடும்போது இழுப்பு மிக வேகமாகக் குறைந்துவிடுகிறது என்பது. நடுவே ஒரு காய்ந்த மாவுத் துளி நின்றால்கூட அந்த இடத்தில் காந்தம் பயனற்றுப் போகும்.

மூடிய உடனே மறுபடி திறக்க முயன்றால் கதவு வரமாட்டேன் என்கிறது. அப்படியானால் காந்தம் மிக வலுவாக இருக்கிறதா?

அதற்குக் காரணம் காந்தமன்று, காற்று. கதவைத் திறந்தபோது உள்ளே புகுந்த 30 பாகை (டிகிரி செல்சியஸ்) காற்று, மூடியதும் குளிர்ந்து சுருங்குகிறது. பெட்டி முற்றிலும் காற்றுப் புகாததாக இருந்து, உள்ளிருக்கும் காற்று முழுவதும் 30-இலிருந்து 5 பாகைக்கு இறங்கினால், அழுத்தம் எட்டு விழுக்காடு குறையும். அரை சதுர மீட்டர் கதவின்மீது அது நானூறு கிலோ எடைக்கு மேல் அழுத்துவதற்குச் சமம். உண்மையில் அப்படி நேர்வதில்லை. உருகும் பனிநீர் வெளியேறும் துளை வழியாகவும் கேஸ்கெட்டின் நுண்ணிய இடுக்குகள் வழியாகவும் காற்று கசிந்து சமன் செய்துவிடுகிறது. ஆனாலும் வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலே அந்தக் கதவை ஐந்து கிலோ எடைக்குரிய விசை பிடித்துக்கொள்ளும். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பொறுத்தால் போதும். இப்படிப் பிடித்துக்கொள்ளும் பெட்டியின் கேஸ்கெட் நல்ல நிலையில் இருக்கிறது என்று மகிழலாம்.

என் வீட்டு ஃபிரிட்ஜ் கதவு இறுக மூடவில்லை. இழுவைத் தாழ் ஒன்றை வாங்கிப் பொருத்தினால் சரியாகிவிடுமா?

பெரும்பாலும் ஆகாது. பழைய கதவைப் பற்றிச் சொன்னதை இங்கே நினைவுகூருங்கள். இன்றைய கதவு, மெல்லிய இரும்புத் தகட்டுக்கும் பிளாஸ்டிக் உட்சுவருக்கும் இடையே நுரை நிரப்பியது. தாழ் அதை ஓர் இடத்தில் மட்டுமே இழுக்கும், அதுவும் கைப்பிடிப் பக்கத்தின் நடுவில். கசிவோ வழக்கமாக மேல் மூலையிலோ கீழ் மூலையிலோ கீல் பக்கத்திலோ இருக்கும். நடுவில் இழுத்துக் கட்டினால் அந்த இடத்து மடிப்புகள் அளவுக்கு மீறி நசுங்கி, மூலைகள் இன்னும் விலகக்கூடும். சில மாதங்களில் கேஸ்கெட் அந்த வடிவத்திலேயே படிந்துவிடும், கதவும் சற்று முறுக்கிக்கொள்ளும். அதன் பிறகு தாழை எடுத்துவிட்டாலும் பழைய நிலை திரும்பாது.

ஆகவே கதவு ஏன் மூடவில்லை என்பதை முதலில் பாருங்கள். காரணங்களை மலிவானதிலிருந்து செலவு மிக்கதை நோக்கி வரிசையாகப் பார்ப்பது என் வழக்கம்.

முதலாவது, ஏதேனும் தடுக்கிறதா என்பது. காய்கறித் தட்டு முழுதாக உள்ளே போகாமல் நிற்கலாம். மாவுத் தூக்கின் பிடி கதவுத் தட்டில் இடிக்கலாம். ஃபிரிட்ஜின் தலையில் விரிக்கும் பூப்போட்ட துணி உறையின் தொங்கல் கதவிடுக்கில் சிக்கி, ஆண்டுக்கணக்கில் அங்கே ஓர் இடைவெளியை உண்டாக்கிக்கொண்டிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. அந்த உறை எதற்காக என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பனி தானாக உருகாத பழைய வகைப் பெட்டியானால், ஃபிரீசரில் கட்டிய பனி அதன் சிறு கதவைத் தள்ளி, அது பெரிய கதவைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, அழுக்கு. பால், மாவு, எண்ணெய்க் கை, கடலோர ஊர்களில் கறுப்பாகப் படியும் பூஞ்சணம் ஆகியவை கேஸ்கெட்டின் மடிப்புகளில் சேர்கின்றன. வெதுவெதுப்பான சோப்பு நீரும் பழைய பல்துலக்கியும் போதும். பிளீச்சிங், தின்னர், பெட்ரோல் வேண்டாம். அவை பிவிசியைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது, நிற்கும் நிலை. ஃபிரிட்ஜின் முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் பாதி திறந்த கதவு தன் எடையாலேயே திரும்பி வரும். முன்கால்களைத் திருகி இதைச் சரிசெய்யலாம். நம் வீடுகளில் ஃபிரிட்ஜைச் சக்கரம் வைத்த பிளாஸ்டிக் ஸ்டாண்டின்மேல் ஏற்றிவிடுகிறோம். ஒரு கால் இறங்கினால் பெட்டி முழுவதும் மூலைவாட்டில் முறுக்கிக்கொள்ளும், கதவு மட்டும் நேராக இருக்கும். 'கேஸ்கெட் போய்விட்டது' என்று சொல்லப்பட்ட கதவு, ஸ்டாண்டை எடுத்தவுடன் ஒழுங்காக மூடுவதும் உண்டு.

நான்காவது, கீல். கதவுத் தட்டில் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளை நான்கைந்தாக அடுக்கினால் எட்டுப் பத்துக் கிலோ எடை கீலில் தொங்குகிறது. காலப்போக்கில் கீல் தேய்ந்து கதவு ஒருபக்கம் இறங்கும். மேல் கீலின் திருகுகளைத் தளர்த்திக் கதவை நிமிர்த்தி மறுபடி இறுக்குவதால் பல நேரம் சரியாகும். கீலுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் வளையம் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் கேஸ்கெட்டின் முறை வருகிறது.

கசிவு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். தடை இல்லாமல் வழுக்கி வந்தால் அங்கே பிடிப்பில்லை. நான்கு பக்கமும் ஒரு சாண் இடைவெளியில் இதைச் செய்ய வேண்டும். கீல் பக்கத்தை விட்டுவிடக் கூடாது, பலரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். இரவில் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியின் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடினால், வெளிச்சம் கசியும் இடம் கண்ணுக்கே தெரியும்.

சிறிய கசிவால் பெரிதாக என்ன நட்டம்?

குளிர் போவதைவிட ஈரம் வருவதுதான் பெரிய தொல்லை. 30 பாகையில், 75 விழுக்காடு ஈரப்பதமுள்ள கடலோரக் காற்றின் ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 23 கிராம் நீராவி இருக்கும். 5 பாகைக் காற்றால் 7 கிராமுக்குச் சற்றுக் குறைவாகத்தான் தாங்க முடியும். கசிந்து நுழையும் ஒவ்வொரு கன மீட்டர்க் காற்றும் சுமார் 16 கிராம் நீரைக் குளிர்ச்சுருளின்மீது பனியாக இறக்கிவிட்டுப் போகிறது. பனி சேர்ந்தால் குளிர் பரவாது, கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடும். பனி தானாக உருகும் வகைப் பெட்டிகளில் அதை உருக்கும் சூடேற்றிக்கும் மின்சாரம் செலவாகும். கீழ்த்தட்டில் தண்ணீர் தேங்குவதும் மேல்தட்டுப் பண்டம் புளிப்பதும் இதன் பின்விளைவுகளாக இருக்கலாம். உணவு கெடாமலிருக்க 5 பாகைக்கு மேல் போகக் கூடாது என்பதால், சிறியதொரு வெப்பமானியை உள்ளே வைத்துவிடுவது நல்லது.

கேஸ்கெட்டை நாமே மாற்றிக்கொள்ள முடியுமா?

முடியும். உங்கள் பெட்டியின் மாடல் எண்ணுக்கு உரியதையே வாங்க வேண்டும். 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்று வெட்டித் தருவது மூலைகளில் ஒருபோதும் ஒழுங்காகச் சேராது. புதிய வகைகளில் கேஸ்கெட்டின் பின்புற முள் கதவின் பள்ளத்தில் செருகியிருக்கும், கையால் இழுத்தால் வந்துவிடும். பழைய சிலவற்றில் உதட்டைத் தூக்கினால் வரிசையாகத் திருகுகள் தெரியும். புதியது மடித்து அனுப்பப்பட்டிருப்பதால் மடிப்புத் தடம் இருக்கும். வெந்நீரில் சில நிமிடங்கள் ஊறவைத்தால் நிமிரும். நான்கு மூலைகளையும் முதலில் செருகிவிட்டுப் பிறகு பக்கங்களை அழுத்தி வர வேண்டும். கீல் பக்கத்தில் கேஸ்கெட் சுருண்டுகொண்டால் அங்கே மிக மெல்லியதாக வாசலைன் தடவலாம். ஓர் இரவு மூடி வைத்த பிறகே தாள் சோதனை செய்யுங்கள்.

ஃபிரீசர் கதவை மூடினால் கீழ்க்கதவு திறந்துகொள்கிறது. இதற்காவது தாழ் போடலாமா?

இரண்டு அறைகளுக்கும் நடுவே காற்றுப் பாதை இருக்கும் பெட்டிகளில், ஒரு கதவை அறைந்து சாத்தினால் எழும் அழுத்தம் மற்றதைத் தள்ளும். மெல்லச் சாத்துங்கள். அப்படியும் திறந்தால், முன்கால்களை உயர்த்திப் பாருங்கள்.

அப்படியானால் தாழ் உண்மையிலேயே தேவைப்படும் இடம் எது?

ஓடும் வண்டியும் மிதக்கும் படகும். திருப்பத்தில் காந்தப்பட்டையால் கதவையும் அதிலுள்ள புட்டிகளையும் பிடித்து நிறுத்த முடியாது. எனவே பயண வண்டிகளிலும் படகுகளிலும் உள்ள ஃபிரிட்ஜ்களுக்கு இயந்திரத் தாழ் தொழிற்சாலையிலேயே பொருத்தப்படுகிறது. அவற்றில் பலவற்றுக்கு இரண்டு நிலைகள் உண்டு: ஒன்றில் கதவு இறுக மூடும், மற்றொன்றில், மின்சாரத்தை நிறுத்தி வைத்திருக்கும் காலத்தில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க, கதவு ஒரு விரற்கடை திறந்தபடியே பூட்டிக்கொள்ளும். தாழைப் பற்றி யோசித்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இரண்டாவது நிலையைச் சிந்தித்த மனிதரைத்தான்.

வீட்டில், கதவைத் திறந்து விளையாடும் சிறுபிள்ளை, நினைவு தடுமாறும் முதியவர், கதவைத் திறக்கக் கற்றுக்கொண்ட நாய் ஆகியோருக்காகத் தடுப்புத் தாழ் போடலாம். இன்சுலின் போன்ற மருந்துகள் இருக்கும் வீட்டுக்கும் இது பொருந்தும்.

தடுப்புத் தாழை எங்கே, எப்படி ஒட்டுவது?

கீலுக்கு எதிர்ப்பக்கத்தில், பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டும் இடத்தில் சமையல் எண்ணெயின் மெல்லிய படலம் கட்டாயம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடாமல் ஒட்டினால் ஒரு வாரம் தாங்காது. ஒட்டிய பின் ஒரு நாள் முழுதும் இழுக்காமல் விடுங்கள்.

வார் வகையில் ஒரு சிக்கல் உண்டு. வார் ஒரு விரற்கடை தளர்வாக இருந்தால், பிள்ளை இழுக்கும்போது கதவு அந்த அளவுக்குத் திறந்து அப்படியே நின்றுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தாழ் மாட்டியிருப்பதாகத் தெரியும், உள்ளேயோ இரவெல்லாம் காற்று போய்வந்துகொண்டிருக்கும். கதவை முழுமையாக மூடிய நிலையில் வாரை இறுக்கமாக அளந்து ஒட்டுவதே இதற்கு வழி. எடுக்கும்போது பிடுங்க வேண்டாம், பெயின்ட் உரியும். தலைமுடி உலர்த்தியால் இலேசாகச் சூடாக்கி, ஒட்டுக்கும் தகட்டுக்கும் இடையே தூண்டில் நரம்பை நுழைத்து, அறுப்பதுபோல் இழுத்தால் சுத்தமாக வந்துவிடும்.

ஒட்டு நிற்பதில்லை; டிரில் போட்டுத் திருகாணியால் பொருத்தலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள விரும்புவோர் இதை வைத்துக்கொள்ளட்டும்.

பழைய ஃபிரிட்ஜ்களில் வெப்பத்தை வெளிவிடும் கறுப்புக் கம்பிவலை முதுகில் தெரியும்படி இருந்தது. இப்போது பல மாடல்களில் அந்தக் குழாய்கள் பக்கச் சுவர்த் தகட்டுக்கு உள்புறமாக ஒட்டப்பட்டுள்ளன. பெட்டி ஓடும்போது பக்கவாட்டில் கை வைத்தால் சூடாக இருப்பது அதனால்தான். கதவு படியும் முகப்பைச் சுற்றிலும், அங்கே வியர்வை கட்டாதிருக்க, சூடான குழாய் ஒன்று ஓடுகிறது. தாழின் நாதாங்கியைத் திருகத் தோன்றும் இடம் சரியாக அதுதான். குழாயில் துளை விழுந்தால் குளிரூட்டும் வாயு முழுவதும் போய்விடும். சுவருக்குள் நுரையில் புதைந்த குழாயைப் பழுதுபார்ப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

வாயு போவது ஒருபுறம் இருக்கட்டும். இப்போதைய வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் நிரப்பப்படுவது ஆர்600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன். அது சமையல் வாயுவின் உறவுக்காரன், தீப்பற்றக்கூடியது. ஒரு பெட்டியில் சில பத்துக் கிராம்தான் இருக்கும் என்றாலும், மின் டிரில்லின் பொறி பறக்கும் இடத்தில் அது பீறிட்டு வருவதை யாரும் விரும்பமாட்டார்கள்.

பெட்டியோடு வந்த சாவிப் பூட்டைப் போட்டால் கதவு இறுகுமா?

இறுகாது. பூட்டின் நாக்கு துளைக்குள் சற்றுத் தளர்வாகவே நிற்கும். இந்தியாவில் 1958-இல் கோத்ரெஜ் முதன்முதலாக ஃபிரிட்ஜ் தயாரிக்கத் தொடங்கியது. பண்டமும் பெட்டியும் அரிதாக இருந்த அந்தத் தலைமுறையில் பூட்டுக்கு ஒரு மதிப்பு இருந்தது. இன்று அதைப் போடுகிறவர்கள் குறைவு. போடுபவர்கள் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவதும், ஃபிரிட்ஜின் தலையில் வைப்பதும் தவறு. வீட்டு ஃபிரிட்ஜ்களுக்கான பன்னாட்டுப் பாதுகாப்புத் தரநிலை, சாவியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமலும் பெட்டியின் அருகில் இல்லாமலும் வைக்குமாறு கூறுகிறது. ஒரு குழந்தை நுழையுமளவு இடமுள்ள அறைகளில் தானே விழுந்து பூட்டிக்கொள்ளும் தாழ் இருக்கக் கூடாது, உள்ளிருந்து 70 நியூட்டன் விசையில் கதவு திறக்க வேண்டும் என்பவையும் அதில் உள்ளன. அந்த 70 நியூட்டன், 1950-களின் 15 பவுண்டுக்கு மிக நெருங்கியது.

நாமாக ஒரு தாழைப் பொருத்தினால் அந்தப் பழைய ஆபத்து திரும்ப வருமா?

வரும். தானே மாட்டிக்கொள்ளும் எந்தத் தாழும், அது எவ்வளவு சிறிய பிளாஸ்டிக் கொக்கியாக இருந்தாலும், 70 நியூட்டனுக்கு மேல் தாங்கினால் பெட்டியை 1956-க்கு முந்தைய பெட்டியாக்கிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜில் தட்டுகளும் பண்டங்களும் நிறைந்திருப்பதால் பிள்ளை நுழைய இடமிருக்காது. வீடு மாறும்போதும் கழுவும்போதும் தட்டுகளை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போடுகிறோமே, அந்த இரண்டு மணி நேரம்தான் கவலைக்குரியது. எனவே தானாக விழும் வகையைத் தவிர்த்து, கையால் மாட்டினால் மட்டுமே மாட்டும் வகையை வாங்குங்கள். பெட்டி காலியாக இருக்கும்போது அதை ஒருபோதும் மாட்டாதீர்கள்.

ஆள் நுழையும் பெரிய குளிர் அறைகளில் வெளியே தாழ் இருக்கிறதே, அது எப்படி?

அங்கே கைப்பிடித் தாழ் இன்றும் உண்டு, ஏனெனில் அவ்வளவு கனமான கதவைக் காந்தத்தால் இழுக்க முடியாது. ஆனால் தாழின் மையத்திலிருந்து ஒரு தண்டு கதவை ஊடுருவி உள்பக்கம் வந்திருக்கும். அதன் முனையிலுள்ள குமிழைத் தள்ளினால் தாழ் விடுபடும். வெளியே பூட்டுத் தொங்கினாலும், குமிழைத் திருகிக் கழற்றித் தள்ளுவதன் மூலம் தாழ் அமைப்பையே பெயர்த்துக்கொண்டு வெளியேறும் வகைகள் உள்ளன. இருட்டில் ஒளிரும் நிறத்தில் அந்தக் குமிழ் இருக்கும். மீன், இறைச்சி, பூ ஆகியவற்றைச் சேமிக்கும் அறையில் வேலைக்குச் சேர்பவருக்கு முதல் நாளிலேயே அந்தக் குமிழைக் காட்டி, உள்ளே நிற்கவைத்துத் தள்ளிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதன்முன் பெட்டிகளை அடுக்கி மறைத்திருப்பதைக் கண்டால் உடனே அகற்றச் சொல்லுங்கள்.

ஐஸ்கிரீம் கடைகளின் படுக்கைவாட்ட ஃபிரீசர்களுக்கு மூடியின் எடையே தாழ்.

பழைய ஃபிரிட்ஜை வெளியே போடுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

கதவைக் கழற்றுங்கள். மேல் கீலில் உள்ள இரண்டு மூன்று திருகுகளை எடுத்தால் கதவு கையோடு வந்துவிடும், பத்து நிமிட வேலை. காயலான் கடைக்காரர் 'அப்படியே தாருங்கள், கதவோடு நல்ல விலை போகும்' என்று கேட்டால், அவர் எடுத்துச் செல்லும் நிமிடம் வரை கதவைச் சுவரோரம் தனியாகச் சாய்த்து வையுங்கள். மொட்டை மாடியிலோ மாட்டுக் கொட்டகையிலோ தானியம் போட்டுவைக்கும் பெட்டியாக அதைப் பயன்படுத்துவதானால், பூட்டையும் கொக்கிகளையும் நீக்கி, கேஸ்கெட்டையும் உரித்து எடுத்துவிடுங்கள். உள்ளிருக்கும் தட்டுகளை அகற்றாமல் விடுவதும் ஒரு காப்பு. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, ஃபிரிட்ஜையும் உள்ளடக்கியவை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ, புதியது வாங்கும் கடையின் பரிமாற்றத் திட்டத்திலோ கொடுத்தால் வாயுவும் முறைப்படி எடுக்கப்படும். அவர்கள் வரும்வரை வாசலில் நிற்கும் பெட்டியின் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். கழற்ற முடியாமல் போனால், கதவைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி ஒட்டி நிறுத்துங்கள்.